ரூத் அம்மாளுக்குப் பட்டுப்புடவை

இங்கிலாந்தில் நூற்று ஐம்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு செத்துப்போன ரூத் ஹாலம் என்கிற அம்மாளுக்கு நான்தான் பட்டுப்புடவை கட்டிவிட்டேன். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி, காதில் ஜிமிக்கி, தலையில் இரண்டு முழம் மல்லிகை. கீழே 'தோற்றம் 1804 – மறைவு 1867' என்று போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றினேன். அது புத்தக அட்டை. இருநூறு அட்டை அச்சாகி, இருநூறு புத்தகத்தின் மேலும் ஒட்டப்பட்டு, கட்டுக் கட்டாகக் கடை வாசலில் வந்து இறங்கிவிட்டது.

புத்தகத்தை மொழிபெயர்த்தவர் விஜயராகவன் சார். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போய் ஆறு மாதம் குளிரில் முடங்கிக் கிடந்தபோது, ஒரு பழைய நாட்குறிப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர். கட்டைப் பிரித்து அட்டையைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். வேறு யாருடைய புத்தகமோ என்று நினைத்திருக்கிறார். அடியில் தன் பெயரைப் படித்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“அன்பு, நான் உன்கிட்ட குடுத்த படம் எங்கய்யா?”

“அது முழுக்க கருப்பா வந்திருந்துச்சி சார். மூஞ்சியே தெரியல. ஃபைல் கெட்டுப்போச்சின்னு நெட்லேருந்து ஒரு நல்ல மூஞ்சியா எடுத்துப் போட்டேன்.”

“அது நிழல் படம்யா! சுவத்துல விழற நிழலப் பாத்து கருப்புக் காகிதத்துல வெட்டறது. அந்தம்மா குவேக்கர் சபை, கிறிஸ்தவங்கள்லயே ரொம்ப எளிமையான கூட்டம். ஓவியம் வரைஞ்சிக்கறதே ஆடம்பரம்னு நெனைக்கிறவங்க. வாழ்நாள் பூரா சாம்பல் நிற கவுன். மோதிரம்கூட போட்டதில்ல!”

“அதான் சார். போட்டதில்லையேன்னு…”

“பேசாத.”

என் தொழிலைச் சொன்னால் நீங்களாவது பாதி மன்னிப்பீர்கள். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடை என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அடிப்போம் என்றாலும், கடை ஓடுவது கண்ணீர் அஞ்சலியில்தான். ஆதார் அட்டையில் முறைத்துப் பார்க்கும் ஒரு முகத்தைக் கொண்டுவந்து தருவார்கள். தலையை மட்டும் வெட்டி, தயாராக இருக்கும் பட்டுப்புடவை உடம்பின்மேல் வைத்து, கழுத்தில் ஒட்டுத் தெரியாமல் தேய்த்துவிட வேண்டும். என் கம்ப்யூட்டரில் நாற்பத்தாறு புடவைகள் இருக்கின்றன. உயிரோடிருந்தவரை நூல் புடவையைத் தாண்டாதவள், செத்த மறுநாள் பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் கட்டி நிற்பாள். சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்த்து 'மகாலட்சுமியாட்டம் கீறா' என்பார்கள். அவள் இருந்தபோது யாரும் அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை. ஆகவே செத்தவர் பெண் என்றதும் என் விரல் தானாகப் புடவைக்குப் போய்விட்டது.

அந்த நாற்பத்தாறில் ஒன்றை உயிரோடிருக்கும் ஒருத்திக்கும் கட்டியிருக்கிறேன். அவள் என் மகள் சிவரஞ்சனி. அவள் என்னை மன்னிப்பாளா மாட்டாளா என்பதுதான் இப்போது என் வாழ்க்கையில் மிச்சமிருக்கும் ஒரே கேள்வி. அதைச் சொல்வதற்கு முன், சாரைச் சமாதானப்படுத்திவிட்டு வருகிறேன்.

“ஞாயித்துக்கிழமை வெளியீடு. இன்னைக்கு வியாழன். என்ன பண்ணப் போற?”

“காக்கிப் பேப்பர்ல அட்ட போட்டுடலாம் சார், பள்ளிக்கூட நோட்டு மாதிரி. மேல பேர மட்டும் ரப்பர் ஸ்டாம்ப்ல குத்திடலாம்.”

சார் முறைத்தார். யோசித்தார். சாயந்திரம் போனில் யாரிடமோ “எளிமைதான் குவேக்கர்களோட அழகியல், அதனால காகித உறைன்னு முடிவு பண்ணேன்” என்று பேசிக்கொண்டிருந்தார். முடிவு பண்ணியது அவர்தான். நான் வெறுமனே நாசம் பண்ணியவன்.

காக்கிப் பேப்பர் பக்கத்துக் கடை ஷேக் மைதீன் பாயிடம் வாங்கினேன். நோட்டுப் புத்தக மொத்த வியாபாரி. பேப்பர் உருளையைத் தோளில் போட்டு அவரே கொண்டுவந்தார். அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாருய்யா இது? வெள்ளக்காரிக்கு மல்லிப்பூ வெச்சிகீறே. பொட்ட மறந்துட்டியே?”

“மறக்கல பாய். கிறிஸ்டின் ஆச்சேன்னு வுட்டுட்டேன்.”

“ஓ. அந்த அளவுக்கு வெவரம் கீது உனுக்கு.”

வெள்ளியும் சனியும் கடைக்குள் உட்கார்ந்து அட்டை போட்டேன். பாயும் கடையில் ஆள் இல்லாதபோது வந்து மடித்துக் கொடுத்தார். அந்த இரண்டு நாளில்தான் நான் ரூத் அம்மாளைப் படித்தேன். முன்னூறு பக்கத்தையும் டைப் அடித்தவன் நான்தான். ஆனால் டைப் அடிப்பவன் படிப்பதில்லை. சோறு வடிப்பவன் அரிசியை எண்ணுகிறானா?

ரூத் ஒரு மாவு வியாபாரியின் மனைவி. ஒன்பது பெற்று நான்கைப் புதைத்தவள். புதைத்த இடத்தில் கல் வைக்கவில்லை. கல்லில் பேர் வெட்டுவது செத்தவருக்கு மரியாதை இல்லை, இருப்பவரின் பெருமை என்பது அவர்கள் சபையின் எண்ணம். அந்த ஊரில் கடை போட்டிருந்தால் எனக்கு ஒரு நாள் டீச்செலவுகூடத் தேறியிருக்காது.

ஞாயிறு என்று எழுதமாட்டாள். வேற்றுச் சாமிகளின் பேர் கலந்த நாட்களாம். முதல் நாள், இரண்டாம் நாள் என்றுதான் எழுதுவாள். முதல் நாளன்று குடும்பத்தோடு சபைக்குப் போவார்கள். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, மணி கிடையாது. பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளே ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்லலாம். தோன்றாவிட்டால் கையைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய் ரொட்டி சுடலாம். ஐந்து வயதுப் பிள்ளையும் அசையாமல் உட்கார வேண்டும். நானும் கடையில் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். நான்காவது நிமிடம் கரண்ட் பில் கட்டவில்லை என்று தோன்றியது. அதுதான் எனக்குக் கிடைத்த உள்ளொளி.

இன்னொன்று, சத்தியம் செய்யமாட்டார்கள். கோர்ட்டில்கூட. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. சத்தியம் செய்தால் மற்ற நேரத்தில் பொய் பேசுவதாக ஆகிவிடுமாம். கள்ளக்குறிச்சியில் பிறந்த ஒருவனுக்கு இது புரிய ஒரு வாரம் ஆகும். எங்கள் ஊரில் ஆமும் கிடையாது, இல்லையும் கிடையாது. பெண் கேட்டாலும், கைமாற்று கேட்டாலும், சாவுக்கு வருவாயா என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: பாக்கலாம்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. ரூத்தின் இரண்டாவது மகள் லிடியா, சபைக்கு வெளியே ஒரு சேணம் தைப்பவனைக் காதலித்து, மாதா கோயிலில் பாதிரியார் முன்னால் கல்யாணம் செய்துகொள்கிறாள். சபை கூடுகிறது. இவள் இனி நம்மவள் அல்ல என்று ஒரு தாள் எழுதப்படுகிறது. எழுதியது யார்? பெண்கள் சபைக்கு எழுத்தர் ரூத்தான். பெற்றவள் கையாலேயே எழுதி, பெற்றவளே கையெழுத்துப் போட்டாள். அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரி: 'எழுத்து நேராக வந்தது.'

நீக்கப்பட்டவர்கள் உறுப்பினர் இல்லையே தவிர, வந்து உட்காரத் தடை இல்லையாம். அடுத்த முதல் நாளே லிடியா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ரூத்தின் இடம் முன்னால், சபையைப் பார்த்தபடி. எதிரெதிரே. யாரும் வாய் திறக்காத ஒரு கூடத்தில் பதினோரு வருடம் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். நாட்குறிப்பு முழுக்க அந்த நாட்களில் வேறெதுவும் இல்லை. 'லிடியா வந்திருந்தாள்.' 'லிடியா வந்திருந்தாள்.' 'லிடியா வந்திருந்தாள். இருமல்.'

“இன்னாய்யா, பேப்பர மடிக்காம அதையே பாத்துகினு கீறே?” என்றார் பாய்.

“ஒண்ணுமில்ல பாய். பசை கண்ல பட்டுச்சி.”

“நாம பசையே போடலியே. மடிச்சிதான சொருவறோம்?”

பாய்க்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

சிவரஞ்சனி இரண்டு வருடம் முன்பு, காலேஜில் கூடப் படித்த ராஜேஷ்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கல்வராயன் மலைப் பையன். அப்பா கரியன் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். பையன் வெள்ளிமலையில் இ-சேவை மையம் நடத்துகிறான். மாலையோடு ஒரு போட்டோ எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. நல்ல போட்டோ. வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. எனக்கு முதலில் தோன்றியது அதுதான், சத்தியமாக. (குவேக்கர் மன்னிக்கவும்.)

மறுநாளே எலவனாசூர்கோட்டையிலிருந்து என் அண்ணன் தெய்வசிகாமணி இரண்டு பங்காளிகளோடு வந்து இறங்கினார். வம்சப் பெருமை போய்விட்டதாம். எங்கள் வம்சத்துக்கு என்ன பெருமை என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை. முப்பாட்டன் ஒருவர் குதிரை வைத்திருந்தாராம். அந்தக் குதிரை யாருடையது என்பதில் சண்டை வந்து ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள்தான் நாங்கள்.

“மலக்காரன் வூட்டுக்குப் போனவ நமக்கு செத்தவதான்டா,” என்றார் அண்ணன். “அஞ்சலி பேனரு வெச்சிரு. நம்ம சனம் நாலு பேரு செஞ்சதுதான. வெப்பியா மாட்டியா?”

“பாக்கலாம்ணே.”

“இன்னாடா பாக்கலாம்?”

“பாக்கலாம்னா… பாக்கலாம்ணே.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து, 'பாக்கலாம்' என்பதைவிட ஒன்று குறைவு. வேறு கடையில் கொடுக்கிறேன் என்று அவர் எழுந்தபோது எனக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. வெளியே கொடுத்தால் எழுத்துப்பிழை வரும், கலர் அழும். நானே உட்கார்ந்தேன். பத்துக்கு எட்டு. அவள் பதிவுத் திருமணப் போட்டோவிலிருந்தே தலையை வெட்டினேன், சிரித்துக்கொண்டிருந்தாள். இருப்பதிலேயே நல்ல புடவையாகத் தேடினேன். மயில் கழுத்து நிறம். அவளுக்குப் பிடித்த நிறம். இதை எழுதும்போதே யாராவது செருப்பால் அடித்தால் தேவலை என்றிருக்கிறது. பாய் செருப்புக் கடை வைக்காமல் நோட்டுக் கடை வைத்தது என் அதிர்ஷ்டம்.

'ஆறாத் துயரில் பெற்றோர்' என்று கீழே என் பேரும் என் மனைவி பச்சையம்மாள் பேரும் போட்டேன். அவளைக் கேட்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு பேருந்து நிலையம் வழியாக வந்தவள், முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள்.

“எம் பேர எடுத்துப் போடறதுக்கு நீங்க யாருங்க?”

நான்காம் நாள் பேனர் காணாமல் போயிற்று. நகராட்சி எடுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுப் போகிற வேலையா அது?

அதற்கடுத்த வருடம் ஜூனில் எங்கள் ஊர் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வாரம் கடை வாசலில் ஆதார் அட்டையோடு ஆட்கள் நின்றார்கள். பேரம் இல்லை, சத்தம் இல்லை. ஒரு பெண் புருஷன் படத்தைக் கொடுத்துவிட்டு, “வேட்டி மட்டும் நல்ல வெள்ளையா போடுண்ணா. அவுரு கட்டனதே இல்ல,” என்றாள். போட்டுக் கொடுத்தேன். அவள் போனபிறகு ஃபைலைச் சேமிக்கப் போனால், எழுத்து வரிசையில் அவள் புருஷனுக்கு அடுத்த பேர் சிவரஞ்சனி. உண்மையாகச் செத்தவர்களின் நடுவில், சிரித்துக்கொண்டு. அன்று கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கினேன்.

அன்றிலிருந்துதான் கேட்க ஆரம்பித்தேன். நேராக மகளிடம் கேட்க எனக்கு ஏது வாய்? சுற்றியிருந்தவர்களிடம் கேட்டேன்.

பச்சையம்மாள் ஒரு வருடமாகத் திங்கட்கிழமை தோறும் ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரரைப் பார்க்கப் போகிறாள். திடீர் பக்தி. ரிஷிவந்தியம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அவள் ஏறும் பஸ் மேற்கே போகிறது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் வீட்டுக் காசில் தடயமும் இல்லை. பிரசாதமாகத் திருநீறு வராது. இரண்டு படி சாமை வரும், சில வாரம் பலாப்பழம். நான் எதுவும் தெரியாதவனாகச் சாமைச் சோறு தின்பேன்.

“இன்னா, சாமி எப்டி கீது?” என்று போன மாதம் கேட்டேன்.

“நல்லாத்தான் கீது. ரெண்டு பல்லு மொளச்சிகீது.”

அர்த்தநாரீஸ்வரருக்குப் பால் பல். அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வெங்காயம் அரிந்துகொண்டே இருந்தாள். எனக்குப் பேத்தி இருக்கிறாள் என்பது இப்படித்தான் உறுதியாயிற்று. பேர் கவியா என்பதை பாய் சொன்னார். அவருக்கு மலையில் நோட்டு வியாபாரம் உண்டு.

“நானும் ஒரு நாளு கூட வரட்டுமா?”

“நட தொறந்திருக்கணுமே,” என்றாள். “பாக்கலாம்.”

ரூத் அம்மாளைப் படித்த பிறகு இந்த 'பாக்கலாம்' எனக்குப் போதவில்லை. பதினோரு வருடம் ஒருத்தி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தாய் ஒரு வார்த்தை கேட்டாளா இல்லையா? புத்தகத்தின் கடைசிப் பக்கம்வரை தேடினேன். இல்லை. சரி, இவ்வளவு தூரம் மொழிபெயர்த்தவருக்குத் தெரியாமலா போகும்?

ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேடையில் பதினொரு பேர், கீழே பதினாறு பேர். குவேக்கர்களின் மௌனத்தைப் பற்றி நான்கு பேர் மூன்று மணி நேரம் பேசினார்கள். ஒருவர் மைக்கை விடாததால் ஒயரைப் பிடுங்க வேண்டியிருந்தது. பொன்னாடை வேண்டாம் என்று எளிமையாகச் சொன்ன விஜயராகவன் சாருக்கு ஆறு பொன்னாடை விழுந்தது. கடைசியில் கேள்வி நேரம் என்றார்கள். நான் எழுந்தேன். அட்டை போட்டவன் எழுந்ததும் சார் முகம் கொஞ்சம் வெளுத்தது.

“சார், அந்தப் பொண்ணு பதினோரு வருசம் வந்து குந்திகினு இருந்துச்சே, அந்தம்மா அதுங்கிட்ட மன்னிப்பு கேட்டாங்களா இல்லீங்களா?”

“அருமையான கேள்வி அன்பு,” என்றார் சார். “அந்த இடத்துல பிரதி மௌனம் காக்குது. வாசகன் தன்னோட அனுபவத்தால அத நெரப்பிக்கணும்.”

“சரிங்க சார். கேட்டாங்களா?”

“கேட்டாங்கன்னும் வாசிக்கலாம். கேக்கலன்னும் வாசிக்கலாம். ரெண்டுக்கும் எடம் இருக்கு.”

கைதட்டினார்கள். இதையே எங்கள் ஊர்க்காரர்கள் கைதட்டு வாங்காமல் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள்.

வெளியே வந்தால் பாய் போண்டாவோடு நின்றார்.

“பாய், நீயாவது சொல்லு. நான் மல மேல போலாமா, வாணாமா?”

“போனா வெளக்கமாத்தால அடிக்கும் உம் பொண்ணு. போவாட்டி அடிக்காது. எது வசதின்னு நீயே பாரு.”

“அடிச்சிட்டாகூட தேவல பாய்.”

“அப்புறம் இன்னாத்துக்குய்யா என்னக் கேக்கற? போண்டா ஆறுது, துன்னு.”

மறுநாள் திங்கள். பச்சையம்மாள் கூடையோடு கிளம்பிப் போன ஐந்து நிமிடத்தில் நானும் கடையைப் பூட்டிக்கொண்டு பேருந்து நிலையம் போனேன். வெள்ளிமலை பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் பின் படியில் ஏறி, அவளுக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன்.

“எங்க?” என்றார் நடத்துநர்.

“ரிஷிவந்தியம்.”

“யோவ், இது வெள்ளிமல வண்டி.”

“அதுக்கே ஒண்ணு குடுங்க.”

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். பச்சையம்மாள் திரும்பவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையேற ஆரம்பித்ததும், திரும்பாமலேயே ஒரு கை மட்டும் சீட்டுக்கு மேலே வந்தது. கையில் எலுமிச்சம்பழம்.

“மோந்துகினே வாங்க. வளைவு ஜாஸ்தி. வாந்தி எடுத்தா நான் உங்கள தெரியாதுன்னுடுவேன்.”

இறங்கி ஒரு மைல் நடை. அவள் முன்னால், நான் பத்தடி பின்னால். கரியன் வீட்டுக் களத்தில் அறுத்த சாமை காய்ந்துகொண்டிருந்தது. பழைய ஃப்ளெக்ஸ்களை விரித்து அதன்மேல்தான் காயப்போடுகிறார்கள். கட்சித் தலைவர்கள், காதுகுத்துப் பிள்ளைகள், பூப்புனித நீராட்டு விழா நாயகிகள் எல்லோரும் சாமைக்குக் கீழே மல்லாந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தில் இரண்டு என் கடை வேலை. நான் ஒவ்வொன்றாக ஓரத்தைப் பார்த்தேன். மயில் கழுத்து நிறம் எங்காவது தெரிகிறதா என்று.

களத்தில் கால்விரலால் சாமையைக் கிளறிக்கொண்டிருந்த கரியன் நிமிர்ந்தார்.

“யாரும்மா இது?”

“பஸ்ஸுல கூட வந்தாங்க,” என்றாள் என் மனைவி. இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியம்.

கரியன் என்னை உற்றுப் பார்த்தார். “ஓ,” என்றார். “பேனர்காரரு. குந்துங்க.” பலகையைத் தள்ளிப் போட்டார். அவர் மனைவி சாமியம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஒரு சொம்புத் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். இப்படிக் கொடுத்த தண்ணீரைவிட மூஞ்சியில் ஊற்றியிருந்தால் குடிக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

சிவரஞ்சனி இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என் பார்வை இன்னும் களத்து ஃப்ளெக்ஸ்களில் அலைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

“தேடாத. அது இங்க இல்ல.”

“இல்லம்மா, சும்மா…”

“மாட்டுக்கொட்டா மேல கெடக்குது. எங்க வூட்டுக்காரருதான் வண்டி எடுத்துகினு போயி அவுத்துகினு வந்தாரு. ரெண்டு மழக்காலம் தாங்கிருச்சி. ஒரு சொட்டு ஒழுவல.” குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “நல்ல ஃப்ளெக்ஸு. எழுத்துப்பிழகூட இல்ல.”

இருபத்திரண்டு வருடத்தில் என் தொழிலை இப்படி யாரும் பாராட்டியதில்லை. சிவரஞ்சனி குழந்தையை இறக்கிவிட்டு எனக்கு எதிரே களத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். பச்சையம்மாள் அவளுக்குப் பக்கத்தில். கரியன் கிளறுவதை நிறுத்திவிட்டுக் குத்துக்காலிட்டார். சபை கூடிவிட்டது; பாட்டு கிடையாது, மணி கிடையாது. குழந்தை சாமைக்குள் தவழ்ந்து வந்து, யாரோ ஒரு வட்டச் செயலாளரின் மூக்கின்மேல் உட்கார்ந்து, வாயைத் திறந்து என்னைப் பார்த்தது. கீழே இரண்டு பல்.

வரும் வழியில் ரூத் அம்மாள் கதையைச் சொல்லி, அதைச் சுற்றி வளைத்து என் விஷயத்துக்கு வரலாம் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். அண்ணன்மேல் பாதிப் பழி, ஊர்மேல் கால் பழி, மிச்சம் எனக்கு என்று பங்கும் பிரித்துவைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் அதையெல்லாம் எடுக்க முடியவில்லை.

“நான்தான் செஞ்சேன் ரஞ்சனி,” என்றேன். “பெரியப்பா சொன்னாரு. ஆனா நான்தான் செஞ்சேன். பொடவகூட நான்தான் பாத்துப் போட்டேன்.”

“தெரியும்.”

“தப்பு.”

“அதுவும் தெரியும்.”

“என்ன மன்னிச்சிட்டியா இல்லியா, சொல்லிடும்மா.”

“இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்?” என்று பச்சையம்மாள் அவசரமாக நடுவில் வந்தாள். “வந்த ஒடனே ஆரம்பிச்சிகினு. புள்ள இப்பத்தான உங்கள பாக்குது. நாளு கெழம போவட்டும், பாக்கலாம்…”

“நீ சும்மா இரும்மா,” என்றாள் சிவரஞ்சனி. சாமையை வாயில் போட்டுக்கொள்ளப் போன குழந்தையின் கையைத் தட்டிவிட்டு, என்னை நேராகப் பார்த்தாள்.

“இல்லப்பா. மன்னிக்கல. அடுத்த வாரமும் வா. அப்பவும் இல்லன்னுதான் சொல்லுவேன்.”